எட்டு ஊருக்கும் ஒரு கோப்பை: கல்ஃப் கப் முறையில் நடத்த விதி எழுதுவது எப்படி?

நீரோடிக்கரை:

அண்ணன்மாருக்கு வணக்கம். கேரள எல்லையில் நீரோடி தொடங்கி மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை வரை எங்கள் கரையில் எட்டு ஊர். வளைகுடா நாடுகளின் கால்பந்துப் போட்டியான கல்ஃப் கப்பிலும் எட்டு நாடு: குவைத், சவூதி, பஹ்ரைன், கத்தார், எமிரேட்ஸ், ஓமன், ஈராக், ஏமன். அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருப்பதால் 'கலீஜி கப்' என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். அதே முறையில் எட்டு ஊருக்கும் ஒரு பந்துகளி வைக்கலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஆழ்கடல் போட்டெல்லாம் (மீன்பிடிப் படகுகள்) கரை சேர்ந்திருக்கும், அப்போதுதான் ஆள் கிடைக்கும்.

கையில் இருப்பது ஒரே ஒரு கிரவுண்ட். மணல் கலந்த தரை, விளக்கு இல்லை. பணம் ஓரளவு சேரும், அதைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் விதியைப் பற்றித்தான். மொத்தம் எத்தனை ஆட்டம், எத்தனை நாள்? இரண்டு ஊர் ஒரே புள்ளியில் நின்றால் யாரை மேலே ஏற்றுவது? ஒரு ஊர் கோபித்துக்கொண்டு பாதியில் இறங்கிப் போனால் என்ன செய்வது? வெளி ஆளை இறக்கலாமா? எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பொழியூர்க்காரர்கள் எங்களையும் சேருங்கள் என்கிறார்கள், ஒன்பதாவதாகச் சேர்க்கலாமா? கல்ஃப் கப்பில் இதையெல்லாம் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நோட்டீஸ் அடிக்கும் முன்பே எழுதி வைத்துவிடலாம்.


கோட்டுக்கணக்கு:

முதலில் எண்ணிக்கை. எட்டு அணிக்கு நேரடி நாக்அவுட் என்றால் 7 ஆட்டத்தில் முடிந்துவிடும். ஆனால் முதல் சுற்றிலேயே நாலு ஊர் வெளியே போய்விடும், அந்த நாலு ஊர்க் கூட்டமும் அதோடு திரும்பாது. எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் 28 ஆட்டம். ஒரு கிரவுண்டில் அது நடக்காத காரியம். இரண்டு பிரிவாக நாலு நாலு அணி வைத்தால் பிரிவு ஆட்டம் 12, செமி 2, ஃபைனல் 1, ஆக 15. ஒவ்வொரு ஊருக்கும் மூன்று ஆட்டம் உறுதி.

கல்ஃப் கப்பும் இந்த இடத்துக்குச் சுற்றித்தான் வந்து சேர்ந்தது. 1970-ல் பஹ்ரைனில் தொடங்கும்போது குவைத், பஹ்ரைன், கத்தார், சவூதி என்று நாலே நாடு, லீக் முறையில் 6 ஆட்டம். 1976-ல் கத்தாரில் ஏழு நாடு ஆகிவிட்டது, 21 ஆட்டம். அவ்வளவும் ஆடி முடித்த பிறகும் குவைத்தும் ஈராக்கும் சமமாக நின்றன. தனியாக ஒரு பிளே-ஆஃப் வைத்து குவைத் 4-2 என ஜெயித்தது. நாள் கூடக்கூட லீக் முறை இழுபறி ஆகும் என்பதற்கு அது நல்ல பாடம். 2004-ல் தோஹாவில் ஈராக் திரும்பி வந்து எட்டு நாடானதும் இரண்டு பிரிவு, செமி, ஃபைனல் என்று மாற்றினார்கள்.

இனி நாள். டிசம்பர் 26-ல் ஆட்டம் வைக்காதீர்கள், அது சுனாமி நினைவு நாள். 27-ம் தேதி தொடங்குங்கள். தினம் இரண்டு ஆட்டம்: 27 ஏ பிரிவு முதல் சுற்று, 28 பி பிரிவு முதல் சுற்று, 29 ஏ இரண்டாம் சுற்று, 30 பி இரண்டாம் சுற்று. 31, 1 இரண்டு நாளும் கோயிலுக்கும் வீட்டுக்கும். ஜனவரி 2-ல் ஏ கடைசிச் சுற்று, 3-ல் பி கடைசிச் சுற்று, 5-ல் இரண்டு செமி, 7-ல் ஃபைனல். எந்த ஊரும் அடுத்தடுத்த நாளில் ஆட வேண்டியிருக்காது. இதில் ஒரு குறை உண்டு. செமிக்கு முன் ஏ பிரிவுக்கு இரண்டு நாள் ஓய்வு, பி பிரிவுக்கு ஒரு நாள்தான். சீட்டுக் குலுக்கும் முன்பே இதை எல்லா ஊருக்கும் சொல்லிவிடுங்கள், பிறகு யாரும் பேச முடியாது.

பிரிவு ஆட்டம் 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி, நடுவில் 10 நிமிடம். முதல் ஆட்டம் 2.30, அடுத்தது 4.15. இரண்டாவது 5.40 வாக்கில் முடியும். டிசம்பர் கடைசியில் நம் பக்கம் ஆறு மணிக்கு மேல் வெளிச்சத்தை நம்பக் கூடாது.

கடைசிச் சுற்றில் மட்டும் ஒரே பிரிவின் இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா முந்தின நாளே தன் கடைசி ஆட்டத்தை முடித்துவிட்டது. மறுநாள் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 என்றால் இருவருக்கும் போதும் என்று தெரிந்தே ஆடின. அதே ஸ்கோரில் முடிந்தது, அல்ஜீரியா வெளியே. அதற்குப் பிறகுதான் கடைசிச் சுற்றை ஒரே நேரத்தில் வைக்கும் வழக்கம் வந்தது. அதனால் ஜனவரி 2, 3 இரண்டு நாளுக்கு மட்டும் பக்கத்து ஊரில் இன்னொரு கிரவுண்டைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு இடத்திலும் 3.30-க்கு விசில். அது கிடைக்கவே கிடைக்காது என்றால், எந்த ஆட்டம் முதலில் என்பதை முந்தின நாள் மாலை இரண்டு பிரிவு கேப்டன்கள் முன்னிலையில் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். இது அரை மருந்துதான்.

சீட்டுக் குலுக்கல் கட்டணம் கட்டும் கெடு முடிந்த பிறகே நடக்க வேண்டும். 2019 கல்ஃப் கப்புக்கு முதலில் ஐந்து நாட்டை வைத்துக் குலுக்கினார்கள். பிறகு சவூதி, எமிரேட்ஸ், பஹ்ரைன் மூன்றும் வருகிறோம் என்றதும் எல்லாவற்றையும் அழித்து மறுபடி குலுக்க வேண்டியதாயிற்று. அப்படிக் கடைசி நேரத்தில் வந்த மூன்றில் ஒன்றான பஹ்ரைன்தான் ஃபைனலில் சவூதியை 1-0 என ஜெயித்து, தொடங்கி 49 ஆண்டுக்குப் பிறகு முதல் கோப்பையை எடுத்தது. நாடுகளுக்குள் மறு குலுக்கல் நடக்கும், ஊர்களுக்குள் நடந்தால் முதல் குலுக்கலில் லேசான பிரிவு கிடைத்த ஊர் ஒத்துக்கொள்ளாது.


புள்ளிப்பட்டியல்:

சமநிலை விதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உள்ளூர் ஆட்டங்களில் அடிதடி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நோட்டீஸில் 'கோல் வித்தியாசம் பார்க்கப்படும்' என்று ஒரு வரி போட்டுவிட்டு விடுகிறார்கள். அது போதவே போதாது.

2024 டிசம்பரில் குவைத்தில் தொடங்கிய கல்ஃப் கப்பின் இரண்டு பிரிவையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வேண்டிய எல்லா விதியும் அதில் கிடைக்கும்.

பி பிரிவில் பஹ்ரைன் சவூதியை 3-2, ஈராக்கை 2-0 என ஜெயித்தது, ஏமனிடம் 1-2 எனத் தோற்றது. (ஏமனுக்கு கல்ஃப் கப்பில் அதுதான் முதல் வெற்றி. 2003-ல் சேர்ந்த அணி.) சவூதி ஏமனை 3-2, ஈராக்கை 3-1 என ஜெயித்தது. ஆக இரண்டுக்கும் 6 புள்ளி. கோல் கணக்கு: பஹ்ரைன் அடித்தது 6, வாங்கியது 4. சவூதி அடித்தது 8, வாங்கியது 6. வித்தியாசம் இரண்டுக்கும் சரியாக கூட்டல் 2. இப்போது யார் முதலிடம்? 'கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல்' என்று விதி இருந்தால் 8 கோலுடன் சவூதி. 'நேருக்கு நேர் முதலில்' என்று இருந்தால் 3-2 ஜெயித்த பஹ்ரைன். நடந்தது இரண்டாவது: பஹ்ரைன் முதலிடம். அதே கோல்கள், அதே முடிவுகள், விதியில் ஒரு வரி இடம் மாறினால் செமியில் எதிராளியே மாறிவிடும்.

ஏ பிரிவு இன்னும் கடினம். ஓமனும் குவைத்தும் தங்களுக்குள் 1-1. ஓமன் கத்தாரை 2-1 ஜெயித்து எமிரேட்ஸுடன் 1-1. குவைத் எமிரேட்ஸை 2-1 ஜெயித்து கத்தாருடன் 1-1. இரண்டுக்கும் 5 புள்ளி, அடித்தது 4, வாங்கியது 3. நேருக்கு நேரும் சமம். கோலைக் கொண்டு பிரிக்கவே முடியாது. மூன்றே ஆட்டம் ஆடும் பிரிவில் இது அபூர்வம் என்று நினைக்காதீர்கள், 1-1-ம் 2-1-ம் கால்பந்தில் தினம் விழும் ஸ்கோர்.

அதனால் வரிசை இப்படி எழுதுங்கள். வெற்றிக்கு 3, சமனுக்கு 1. புள்ளி சமமானால் முதலில் சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தின் புள்ளி, அதன் கோல் வித்தியாசம், அதில் அடித்த கோல். அதிலும் பிரியாவிட்டால் பிரிவின் மொத்தக் கோல் வித்தியாசம், மொத்தம் அடித்த கோல். பிறகு அட்டைக் கணக்கு: மஞ்சளுக்கு 1, இரண்டு மஞ்சளால் வந்த சிவப்புக்கு 3, நேர் சிவப்புக்கு 4, குறைந்தவர் மேலே. கடைசியாகத்தான் சீட்டு. அட்டைக் கணக்கை விதியில் போட்டால் ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் ரெஃப்ரியின் அட்டைப் பட்டியலில் இரண்டு கேப்டனும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் மூன்று நாள் கழித்து 'அந்த மஞ்சள் எங்கள் பையனுக்கு இல்லை' என்று வரும்.

மூன்று அணி சமமாகும் இடத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. க, ச, த மூன்றும் ஒன்றையொன்று சுற்றி ஜெயித்து, நாலாவது அணியையும் எல்லாரும் ஜெயித்தால் மூன்றுக்கும் 6 புள்ளி. மூவரின் ஆட்டங்களை மட்டும் எடுத்து ஒரு குட்டிப் பட்டியல் போடுகிறோம், கோல் வித்தியாசத்தில் க மேலே போய்விடுகிறது, ச-வும் த-வும் இன்னும் சமம். இப்போது ச-த இருவருக்கும் மறுபடி நேருக்கு நேரிலிருந்து தொடங்குவதா, இல்லை அடுத்த வரிக்குப் போவதா? இரண்டுக்கும் வேறு வேறு விடை வரலாம். 'மீதி அணிகளுக்கு முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கும்' என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள்.

நேருக்கு நேரை ஏன் முதலில் வைக்கச் சொல்கிறேன் என்றால், எட்டு ஊரும் ஒரே பலத்தில் இருக்காது. ஓர் ஊரின் மீன்பிடி போட்டு கரை சேராமல் எட்டுப் பேர் குறைந்த நாளில் அவர்களை ஒருவர் 7-0 அடித்துவிட்டால், அந்த ஏழு கோல் பட்டியலைக் கடைசி வரை கோணலாக்கும். தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தை அது தொடாது.


கொல்லங்கோடு விசில்:

புள்ளிப்பட்டியல் சொன்னது எல்லாம் சரி. ஒரே ஒரு இடத்தில் நான் மாறுபடுகிறேன், சீட்டுக்கு முன்னால் இன்னொரு வழி உண்டு. சமமான இரண்டு அணியும் கடைசிச் சுற்றில் ஒன்றோடொன்று ஆடி சமனில் முடித்திருந்தால், அங்கேயே அப்போதே பெனால்டி ஷூட்அவுட் வைத்து இடத்தைத் தீர்க்கலாம். அட்டைக் கணக்கைவிட கிரவுண்டில் தீர்வது ஊருக்குள் நிம்மதி. ஆனால் கடைசிச் சுற்றில் நேருக்கு நேர் மோதியவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

இனி பாதியில் இறங்கிப் போவது. கல்ஃப் கப்பில் இது மூன்று முறை நடந்திருக்கிறது: 1972-ல் பஹ்ரைன், 1982-லும் 1990-லும் ஈராக். 1972-ல் பஹ்ரைன் ஆடிய ஆட்டங்களைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த நாலு நாட்டில் குவைத்தும் சவூதியும் ஒரே புள்ளி, கோல் வித்தியாசத்தில் கோப்பை குவைத்துக்கு. விலகினவர்களின் ஆட்டத்தை அழிப்பது நியாயம்தான். ஆனால் அவர்களிடம் கஷ்டப்பட்டு ஜெயித்த ஊருக்கு அந்தப் புள்ளியும் போகும், அவர்களிடம் தோற்ற ஊருக்கு லாபம். நாலு அணிப் பிரிவில் நான் சொல்வது இது: ஓர் ஆட்டத்தோடு விலகினால் அந்த ஆட்டம் அழியும், மூன்று அணிப் பிரிவாகத் தொடரும். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு விலகினால் ஆடிய இரண்டும் நிற்கும், மூன்றாவது எதிரணிக்கு 3-0. இதை அழித்துத் திருத்தும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்றும் எழுதுங்கள்.

ஆட்ட நடுவில் இறங்கினால்: ரெஃப்ரி கேப்டனிடம் ஒரு முறை கேட்பார், 10 நிமிடம் காத்திருப்பார், பிறகு ஆட்டத்தைக் கைவிட்டு அறிக்கை எழுதுவார். முடிவை அறிவிக்கும் வேலை ரெஃப்ரிக்குக் கிடையாது, அது கமிட்டியின் வேலை. கைவிட்ட ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும் என்பதுதான் ஆட்ட விதியின் இயல்பான நிலை, போட்டி விதியோ அமைப்பாளர்களோ வேறு மாதிரி முடிவு செய்தால் மட்டுமே அது மாறும். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டுவிட்டால், இறங்கிப் போனவர்களே வந்து மறு ஆட்டம் கேட்கலாம். ஒரு பக்கம் 7 பேருக்குக் குறைந்தாலும் ஆட்டம் தொடங்கவோ தொடரவோ முடியாது. சிவப்பு அட்டையும் காயமும் சேர்ந்தால் இந்த நிலை வரும், அதையும் 3-0 என்று எழுதி வையுங்கள். ஏற்கெனவே அதைவிட அதிக வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டிருந்தால் அந்த ஸ்கோரே நிற்கட்டும்.

நுழைவுக் கட்டணத்தோடு தனியாக ஒரு முன்பணம் வாங்குங்கள், கடைசி ஆட்டம் ஆடி முடித்த அன்று மாலையே திருப்பிக் கொடுங்கள். தாமதித்தால் அடுத்த வருடம் யாரும் தரமாட்டார்கள்.

கமிட்டி எப்படி? ஊருக்கு ஒருவர் என்று எட்டு. தகராறில் இருக்கும் இரண்டு ஊர் ஆளும் எழுந்து வெளியே போக வேண்டும். மிச்சம் ஆறு, வாக்கு 3-3 ஆகும். ஆகவே எட்டு ஊரையும் சேராத ஒருவரை ஒன்பதாவதாகப் போடுங்கள், ஏழு பேர் வாக்களிப்பார்கள். புகார் ஆட்டம் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் எழுத்தில், கேப்டன் கையெழுத்தோடு, கட்டணத்தோடு. ரெஃப்ரி கண்ணால் பார்த்து எடுத்த முடிவு (ஆஃப்சைட், பெனால்டி, கோல்) மீது புகார் எடுக்கவே கூடாது. ஆள் மாறாட்டம், தடை செய்யப்பட்ட வீரர் இறங்கியது, இதில் மட்டும் எடுக்கலாம்.

ரெஃப்ரிகள் எட்டு ஊரைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. கல்ஃப் கப்புக்கும் வளைகுடாவுக்கு வெளியிலிருந்து ரெஃப்ரி அழைப்பார்கள். அண்டை வீட்டாருக்குள் நடக்கும் போட்டியில் அது தவிர்க்க முடியாதது. மாவட்டச் சங்கம் வழியாகக் கேளுங்கள், திருவனந்தபுரம் பக்கமிருந்தும் கேட்கலாம். ஓர் ஆட்டத்துக்கு நாலு பேர், தினம் இரண்டு ஆட்டம். ஆறு பேரை வைத்துச் சுற்றினால் நடு விசில் ஊதியவர் அடுத்த ஆட்டத்துக்கு நாலாவது ஆளாக உட்காரலாம். நாலே பேரை வைத்து இரண்டு ஆட்டமும் ஓட்டினால் 5 மணிக்கு மேல் லைன்ஸ்மேன் ஆஃப்சைட் கோட்டோடு ஓட மாட்டார், அங்கிருந்துதான் கூச்சல் தொடங்கும். இரண்டு கிரவுண்டில் ஒரே நேரம் நடக்கும் ஜனவரி 2, 3-க்கு மட்டும் எட்டுப் பேர் வேண்டும்.


நீரோடிக்கரை:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி அண்ணே. 26-ம் தேதியை நாங்கள் யோசிக்காமலே குறித்திருந்தோம், மாற்றிவிடுகிறோம். வெளி ஆள், பொழியூர் இரண்டும் மிச்சம். கிரவுண்ட் போடுவதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள், கோடு போட சுண்ணாம்பு போதுமா?


பொழியூர் பதினொன்று:

எங்களையும் சேர்க்கணும் என்றுதான் எங்கள் ஆசை. ஆனாலும் கணக்கு கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன், ஒன்பது வேண்டாம். ஒன்பதை மூன்று மூன்றாகப் பிரித்தால் மூன்று முதலிடம் வரும், செமிக்கு நாலாவது ஆளாக 'சிறந்த இரண்டாமிடம்' தேட வேண்டும். வேறு வேறு எதிராளியோடு ஆடினவர்களை ஒரே தராசில் போடுவது அது. ஐந்து-நாலு என்று பிரித்தால் ஒரு பிரிவில் நாலு ஆட்டம், இன்னொன்றில் மூன்று, பிரிவு ஆட்டம் 16 ஆகும், சுற்றுக்கு ஓர் ஊர் சும்மா உட்காரும். எட்டைத் தொடாதீர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஊர்களைச் சேர்க்க ஆசை இருந்தால், கோப்பை முடிந்த பிறகு ஜெயித்த ஊருக்கும் எங்களுக்கும் ஒரே ஒரு காட்சிக் களி வையுங்கள், போதும்.

வெளி ஆள் விஷயம். எங்கள் கேரளத்து செவன்ஸில் (அணிக்கு ஏழு பேர் களிக்கும் பந்துகளி) காசு கொடுத்து வெளிநாட்டுக் களிக்காரர்களை இறக்குவது சாதாரணம், கூட்டமும் வரும். ஆனால் அது கிளப் களி. நாட்டுக்கும் நாட்டுக்கும், ஊருக்கும் ஊருக்கும் என்று பெயர் வைத்துவிட்டால் 'இவன் எந்த ஊர்' என்ற கேள்விக்கு எழுத்தில் விடை வேண்டும். உங்கள் ஊர்களில் சிக்கல் வருவது கல்யாணத்தால்தான். தூத்தூரில் பிறந்து வள்ளவிளையில் பெண் கட்டிக் குடியிருப்பவன் எங்கே களிப்பான்? நாடுகளுக்கு உள்ள விதியையே இன்னும் கொஞ்சம் இறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள்: பிறந்த ஊரோ ரேஷன் கார்டு இருக்கும் ஊரோ, ஏதாவது ஒன்றை அவன் ஒரு முறை தேர்ந்தெடுக்கலாம், ஒரு ஊருக்கு இறங்கிவிட்டால் பிறகு மாற முடியாது. கார்டு முகவரி ஜூன் 1-க்கு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும் என்று கெடு வையுங்கள். டிசம்பரில் மாற்றிக்கொண்டு வருபவனை அது தடுக்கும்.

அடுத்தது மீன்பிடி போட்டு. கல்ஃப் கப் பல முறை ஃபிஃபாவின் சர்வதேச ஆட்ட நாள்களுக்கு வெளியே நடப்பதால், வீரனை விட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிளப்புக்கு இல்லை. நாடுகள் கிடைத்த ஆளை வைத்துத்தான் போகும். 2023-ல் ஈராக்கின் பஸ்ராவுக்கு சவூதி இளம் அணியோடுதான் வந்தது. உங்களுக்கு கிளப் என்பது போட்டு முதலாளி. புத்தாண்டு கழிந்தவுடன் போட்டு இறங்கினால் செமிக்கு உங்கள் அணியில் பாதி நடுக்கடலில் இருக்கும். அதனால் நவம்பரிலேயே முதலாளிகளிடம் ஜனவரி 7 வரை என்று பேசுங்கள். அணிப் பட்டியலும் 16 வேண்டாம், 22 வாங்குங்கள். பிரிவு ஆட்டம் முடிந்த இரவு, கடலுக்குப் போனவர்களுக்குப் பதிலாக 3 பேர் வரை புதிதாகச் சேர்க்கலாம், கோலி கணக்கில் வராது என்று ஒரு சலுகை கொடுங்கள். கோலி இல்லாமல் செமி களிக்க முடியாது, பாவம்.


கயிறும் கம்பும்:

சுண்ணாம்பு வேண்டாம் மக்கா. நீற்றாத சுண்ணாம்பு ஈரம் பட்டால் சுடும். சறுக்கி விழுகிற பையனின் தொடையிலும் கண்ணிலும் பட்டால் ஆஸ்பத்திரிதான். வெள்ளைக்கல் பொடி வாங்குங்கள். எவ்வளவு? 100-க்கு 64 மீட்டர் கிரவுண்டில் எல்லாக் கோடும் வளைவும் சேர்த்தால் கிட்டத்தட்ட 700 மீட்டர் வரும். முதலில் 10 மீட்டர் போட்டு எத்தனை கிலோ போகிறது என்று நிறுத்துப் பார்த்து, 70 மடங்கு. மணல் தரையில் காற்றடித்தால் தினம் மறுபடி போட வேண்டும், அதையும் சேர்த்து வாங்குங்கள். கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, போஸ்ட் எவ்வளவு தடிமனோ அவ்வளவே கோல் கோடு.

மூலை நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காதீர்கள். மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 மீட்டர், மறு பக்கம் 8 மீட்டர் குறித்தால் குறுக்கே சரியாக 10 வர வேண்டும். நாலு மூலையும் போட்ட பிறகு கிரவுண்டின் குறுக்கு அளவு இரண்டையும் பாருங்கள், 118.73 மீட்டர் இரண்டிலும் வந்தால் சரி. நைலான் கயிறு இழுத்தால் நீளும், ஆகவே அளக்க டேப், கோடு பிடிக்க மட்டும் கயிறு. பெட்டி 16.5, சின்னப் பெட்டி 5.5, பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11, நடு வட்டமும் டி வளைவும் 9.15 மீட்டர். டி வளைவை பெட்டிக் கோட்டிலிருந்து வரைந்து விடுவதுதான் வழக்கமான தப்பு, அது பெனால்டி புள்ளியை மையமாக வைத்து வரைய வேண்டியது.

போஸ்ட் உள் அளவு அகலம் 7.32, உயரம் 2.44. நாலு அங்குல ஜிஐ பைப்பின் வெளி விட்டம் 11.4 சென்டிமீட்டர் வரும், விதிக்குள் அடங்கும். மேல் பைப் ஒரே நீளத்தில் நடுவில் தொய்யும், நடு இடத்திலும் 2.44 இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மணலில் வெறுமனே குழி தோண்டி நட்டால் கோலி தொங்கிய அன்றே சாயும், அடியில் கான்கிரீட் போடுங்கள். தூக்கி வைக்கும் போஸ்ட் என்றால் பின் கம்பியை மணல் மூட்டை போட்டு இறுக்காமல் சின்னப் பிள்ளைகளை அதன் பக்கம் விடவே கூடாது.

கோல் இரண்டும் வடக்கு தெற்காக இருக்கட்டும். கிழக்கு மேற்காக வைத்தால் மாலை ஆட்டத்தில் ஒரு கோலிக்குக் கண்ணெதிரே சூரியன், டாஸ் ஜெயித்தவனே பாதி ஜெயித்தான்.

காலரி (ஜனம் உட்காரும் மேடை) கட்டாதீர்கள் என்றே சொல்வேன். 2022 மார்ச்சில் மலப்புரம் காளிகாவு அருகே செவன்ஸ் ஆட்டத்தில் தற்காலிக காலரி ஜனத்தோடு சரிந்து பலர் காயப்பட்டார்கள். நம் தரையோ மணல், கம்பு ஊன்றினால் ஒரு மழையில் இளகும். 2018 ஜனவரியில் குவைத்தின் பெரிய ஸ்டேடியத்திலேயே ஓமன் ஜெயித்த மகிழ்ச்சியில் ரசிகர்கள் முன்னால் சாய்ந்து கண்ணாடித் தடுப்பு உடைந்து விழுந்தார்கள். பஸ்ராவில் 2023 ஃபைனல் அன்று காலையில் ஸ்டேடியத்துக்கு வெளியே நெரிசலில் உயிரே போனது. அதனால் கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளிக் கயிறு, கயிற்றுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு வரிசை, நின்று மற்றவர்கள். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வேறு வழி. ஆம்புலன்ஸ் கிரவுண்ட் வரை வரும் பாதையில் ஒரு பைக்கும் நிற்கக் கூடாது, அதற்கென்றே இரண்டு பேரை நிறுத்துங்கள். கோல் விழுந்தால் வெடி போடுவதையும் நோட்டீஸிலேயே தடை செய்யுங்கள். 2025 பிப்ரவரியில் அரீக்கோடு பக்கம் ஃபைனலில் பட்டாசு கூட்டத்துக்குள் பாய்ந்து பலருக்குக் காயம்.


நீரோடிக்கரை:

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று மட்டும். ஃபைனலை முழு 90 நிமிடமும் வைக்க வேண்டும் என்று எல்லா ஊரும் சொல்கிறது. விளக்கு இல்லாமல் எத்தனை மணிக்குத் தொடங்கினால் சரியாக இருக்கும்?


கோட்டுக்கணக்கு:

2004-லிருந்து 2025 ஜனவரி வரை கல்ஃப் கப்பில் பத்து ஃபைனல் நடந்திருக்கிறது. ஆறு 90 நிமிடத்தில் முடியவில்லை. 2010, 2013, 2023 மூன்றும் கூடுதல் நேரத்தில் தீர்ந்தன (பஸ்ராவில் ஈராக் ஓமனை 3-2 ஜெயித்த கோல் 120 நிமிடத்தையும் தாண்டி விழுந்தது). 2004, 2009, 2018 மூன்றும் பெனால்டியில். அதனால் பெனால்டி வரை போகும் என்று வைத்தே நேரம் போடுங்கள்.

3 மணிக்கு விசில். 90, இடைவேளை 15, வீணான நேரம் 6: 4.51. ஐந்து நிமிடம் தண்ணீர். கூடுதல் நேரம் 30, மாறும் நேரம் 2: 5.28. பெனால்டிக்கு டாஸும் சேர்த்து 15 நிமிடம்: 5.43. ஐந்தைந்தில் தீராமல் நீண்டாலும் ஆறு மணிக்குள் கோப்பை கையில் இருக்கும். 3.30-க்குத் தொடங்கினால் கடைசிப் பெனால்டியை இருட்டில் அடிப்பார்கள். சிறப்பு விருந்தினர் கை குலுக்கல், பேச்சு எல்லாம் 2.40-க்குள் முடிய வேண்டும், நேரம் தவறுவது எப்போதும் அங்கேதான்.


கொல்லங்கோடு விசில்:

பெனால்டிக்கு இரண்டு டாஸ் என்பதைக் கேப்டன்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: முதல் டாஸ் எந்த கோலில் அடிப்பது, இரண்டாவது யார் முதலில் அடிப்பது. ஆட்டம் முடியும்போது கிரவுண்டில் இருந்தவர்கள்தான் அடிக்கலாம். ஒரு பக்கம் சிவப்பு அட்டையால் 10 பேர் என்றால் மறு பக்கமும் ஒருவரைக் குறைத்து 10 ஆக்க வேண்டும். அடிக்கும் நொடியில் கோலியின் ஒரு காலாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேரேயோ, பின்னாலோ இருக்க வேண்டும்.

ஷூட்அவுட்டுக்காக மட்டும் கோலியை மாற்றும் ஆசை வேண்டாம் என்று அணிகளிடம் சொல்லுங்கள். 2018 ஃபைனலில் ஓமன் கோலி ஃபாயிஸ் அல்-ருஷைதி ஆட்டம் முடியும் தறுவாயில் எமிரேட்ஸின் உமர் அப்துர்ரஹ்மான் அடித்த பெனால்டியைத் தடுத்தார். ஷூட்அவுட்டில் அதே ஆள் மறுபடி வந்தபோதும் தடுத்தார். ஓமன் 5-4. ஒரு முறை எதிரே நின்று பார்த்த காலை இரண்டாவது முறை படிப்பது கோலிக்கு எளிது.

சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, முதல் டாஸுக்கே இடம் கொடுக்காமல் வடக்கு கோலா தெற்கு கோலா என்று ரெஃப்ரியே முடிவு செய்யலாம். வெளிச்சமோ பாதுகாப்போ காரணமாக இருந்தால் விதி அதை அனுமதிக்கிறது. 5.30-க்கு உங்கள் கிரவுண்டில் எந்தப் பக்கம் கண் கூசுகிறது என்று முந்தின நாளே நின்று பார்த்து ரெஃப்ரியிடம் சொல்லி வையுங்கள்.